குடும்பத்தை ஊருக்கு அனுப்பிய ஆண்டு: தம்மாம் முதல் பேராவூரணி வரை, 2018

பேராவூரணி மருமகள்
2 ஜனவரி 2019, காலை

சவுதி அரேபியாவில் குடும்பத்தோடு இருந்தவர்களுக்கு 2018ஆம் ஆண்டின் மாற்றங்கள் ஒரே அடியாக வரவில்லை, தவணை தவணையாக வந்தன. ஜனவரி 1 அன்று ஐந்து சதவீத மதிப்புக் கூட்டு வரி. அதே நாளில் 91 ரகப் பெட்ரோல் லிட்டர் 75 ஹலாலாவிலிருந்து (நூறு ஹலாலா ஒரு ரியால்) 1.37 ரியாலுக்கும், 95 ரகம் 90 ஹலாலாவிலிருந்து 2.04 ரியாலுக்கும் ஏறின. ஜூலையில் குடும்ப லெவி இரண்டு மடங்காகும் என்பது முந்தைய ஆண்டே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பள்ளித் தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் நானும் பிள்ளைகளும் ஊருக்கு வந்துவிட்டோம். கணவர் தம்மாமிலேயே இருக்கிறார்.

லெவி என்றால் என்ன என்று ஊரில் பலர் கேட்கிறார்கள். இக்காமாவில் (சவுதி வசிப்பு அனுமதி அட்டையில்) சார்ந்திருப்போராகப் பதிவான ஒவ்வொருவருக்கும் குடும்பத் தலைவர் மாதந்தோறும் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை அது. 2017 ஜூலையில் தலைக்கு 100 ரியாலாகத் தொடங்கியது. ஒவ்வொரு ஜூலையிலும் நூறு கூடி, 2020இல் 400 ஆகும் என்று அட்டவணையையும் அறிவித்துவிட்டார்கள். மாதக் கணக்கு என்றாலும் இக்காமாவைப் புதுப்பிக்கும்போது ஆண்டுத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. நானும் இரண்டு பிள்ளைகளுமாக மூன்று பேர். முதல் ஆண்டு 3,600 ரியால், அடுத்து 7,200, அதற்கடுத்து 10,800, பிறகு 14,400. 2018 ஜூலையிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் 32,400 ரியால். அன்றைய மதிப்பில் ஐந்தரை லட்சம் ரூபாய்.

என் கணவர் கணக்காளர். தம்மாமில் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், வேன், மளிகை, லெவி எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதினார். நிறுவனம் தரும் அறையில் அவர் மட்டும் தங்கி, நாங்கள் மாமனார் வீட்டில் இருந்தால் ஆகும் செலவை மறுபக்கம் எழுதினார். மாதம் ஏறக்குறைய இரண்டாயிரம் ரியால் மிச்சமாகும் என்று வந்தது. அந்தத் தாளில் எந்தக் கூட்டலும் தவறவில்லை. ஆனால் அதில் எழுத இடமில்லாதவை நிறைய இருந்தன. இந்த இழையைத் தொடங்குவது அவற்றுக்காகத்தான்.

முதலில் பணமாக வந்தவை. பள்ளிச் சேர்க்கை, சீருடை, ஒரு ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், அவருக்குத் தனியாக மெஸ் செலவு, நாங்கள் பிரிந்திருப்பதால் அவர் அடிக்கடி வந்துபோக வேண்டிய டிக்கெட். முதல் ஆறு மாத மிச்சம் அப்படியே கரைந்தது. செப்டம்பரில் ஒரு ரியால் பத்தொன்பது ரூபாயைத் தாண்டியது கொஞ்சம் கைகொடுத்தது.

பிறகு அலைச்சல். பள்ளியில் பிள்ளைகளின் ஆதார் எண்ணைக் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் 182 நாள் இங்கே தங்கினால்தான் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம் என்பது 2018இல் இருந்த விதி. அதுவரை ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் கட்டத்துக்கு நேரே ஒரு விளக்கக் கடிதம். குடும்ப அட்டையில் எங்கள் பெயர்களே இல்லை. வங்கி, மின் கட்டணம், நிலவரி ரசீது என்று தம்மாமில் ஒரு நாளும் நான் தொட்டிராத வேலைகள் அனைத்தும் என்னிடம் வந்தன. அவற்றைச் செய்யக் கற்றுக்கொண்டதில் எனக்குப் பெருமை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளைப் பற்றித்தான் அதிகம் பயந்தேன். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. தமிழ்நாட்டில் 2018 ஜூனில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குத்தான் புதிய பாடநூல்கள் வந்தன. எங்கள் நல்ல காலம், இருவரும் அந்த வகுப்புகளிலேயே சேர்ந்தார்கள். பாடம் ஆசிரியர்களுக்கே புதிது என்பதால் இவர்கள் மட்டும் பின்தங்கியவர்களாகத் தெரியவில்லை. தமிழ் எழுதுவது இருவருக்கும் இன்னும் கடினம். மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். தம்மாமில் பதினான்கு வயதுப் பெண் தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போவதைக்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் முகத்தில் அந்தச் சைக்கிள் கொண்டுவந்த மாற்றத்தை எந்த மிச்சத்தோடும் ஒப்பிட மாட்டேன்.

மகன் வேறு. அவன் அங்கேயே பிறந்தவன். ஊர் அவனுக்கு விடுமுறைக்கு வரும் இடம். ஜூலை முடிந்ததும் "எப்போது திரும்பிப் போகிறோம்?" என்று கேட்டான். ஆகஸ்டில் கேட்டான். செப்டம்பருக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

பிறகு நவம்பர் 16. கஜா புயல்.

மாமனாருக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. என் கணவரின் முதல் விசாவுக்குப் பணம் கட்டியது அந்தத் தோப்பின் வருமானம். அங்கே வேலை போனாலும் தோப்பு இருக்கிறது என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக எங்கள் துணிச்சல். அன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணி, தம்மாமில் கணவருக்கு இரவு பத்தரை. பேசிக்கொண்டிருந்தபோதே இணைப்பு அறுந்தது. ஓடுகள் பறந்தன. மாமியாரையும் பிள்ளைகளையும் கான்கிரீட் போட்ட ஒரே அறையில் வைத்துக் கதவை இரும்புப் பெட்டியால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்தபோது தோப்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய மரங்களே நின்றன.

செல்பேசிக் கோபுரங்கள் விழுந்துவிட்டன. நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதை அவருக்குச் சொல்ல, ஓர் உறவினர் மரங்கள் மறித்துக் கிடந்த சாலையில் வண்டியை உருட்டியும் ஓட்டியும் தஞ்சாவூர் வரை போனார். மின்சாரம் வர வாரக்கணக்கானது. தெருவுக்கு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மதிப்புக் கூட்டு வரி வந்த முதல் ஆண்டின் கணக்கை முடிக்கும் நேரம், கணக்காளர் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லாரும் இந்தக் கணக்கைப் போடும்போது ஊர் அசையாமல் அங்கேயே நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் போடுகிறோம். லெவி எங்களை ஊருக்கு அனுப்பியது. புயல் அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. இப்போது நட்டால் நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை தோப்புக்கும் சேர்த்து அவர் சம்பாதிக்க வேண்டும்.

உங்களில் யாரெல்லாம் 2017, 2018இல் குடும்பத்தை அனுப்பினீர்கள்? அனுப்பாமல் இருந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மெய்யாகவே மிச்சம் பிடித்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.


ஜுபைல்வாசி
2 ஜனவரி 2019, மாலை

சகோதரி, முதலில் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பதற்கு மகிழ்ச்சி.

நாங்கள் அனுப்பவில்லை. மனைவி, மூன்று பிள்ளைகள். தலைக்கு 200 என்ற கணக்கில் இந்த ஆண்டு 9,600 ரியால். வரும் ஜூலைக்குப் பிறகு 14,400. என் சம்பளத்தில் இது இரண்டு மாதச் சேமிப்புக்கு மேல். ஆனாலும் வைத்திருக்கிறேன். எப்படி என்று கேட்டீர்கள், எழுதுகிறேன்.

வாடகை. 2018இல் கட்டடம் கட்டடமாகக் குடும்பங்கள் காலி செய்ததால் வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஒப்பந்தம் முடியும் நேரத்தில் வாய்விட்டுக் கேட்டேன், குறைத்தார். கேட்காமல் பழைய வாடகையையே கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேளுங்கள், மறுத்தால் பக்கத்துக் கட்டடத்தில் இடம் காலியாக இருக்கும்.

பெரிய வண்டியை விற்றுச் சிறியதாக வாங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் பஹ்ரைன் பாலத்தைக் கடந்து போய்வரும் பழக்கத்தை நிறுத்தினோம். ஊரில் வீடு கட்டும் திட்டத்தைத் தள்ளிவைத்தேன். இதுதான் பெரியது. அப்பா இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உங்கள் முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாதம் இரண்டாயிரம் மிச்சம் என்ற எண்ணைப் பார்த்ததும் என் நண்பர்கள் நினைவுக்கு வந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து அனுப்பிய குடும்பங்களில் ஒன்றுகூட ஓராண்டு முடிவில் அந்த மிச்சத்தைக் கையில் காட்டவில்லை. குடும்பம் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை கேட்டதற்கு "வேண்டாம்" என்று சொல்கிற அப்பா, தூரத்தில் இருக்கும்போது குற்ற உணர்வில் வாங்கி அனுப்பிவிடுகிறார். அது எந்தத் தாளிலும் வராது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். 2020 ஜூலையில் தலைக்கு 400 ஆகும்போது எனக்கு ஆண்டுக்கு 19,200 ரியால். அதை என்னால் கட்ட முடியாது. அதற்குள் லெவியைக் குறைப்பார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வதந்தி வருகிறது. நான் நம்புவதில்லை.


பத்தா கடைத்தெரு
2 ஜனவரி 2019, இரவு

அக்கா எழுதியதை முழுவதும் படித்தேன். புயல் பகுதியைப் படிக்கும்போது தொண்டை அடைத்தது. எங்கள் பக்கம் பரமக்குடி. கஜாவில் எங்களுக்குப் பெரிய சேதம் இல்லை.

ஒரு வார்த்தை சொல்லலாமா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே எல்லாரும் குடும்பத்தை அனுப்புவதா வைத்திருப்பதா என்று பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே வந்ததில்லை. குடும்ப விசாவுக்குத் தொழிலும் சம்பளமும் பொருந்த வேண்டும். ரியாத் பத்தாவில் ஆயத்த ஆடைக் கடையில் விற்பனையாளன் நான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பு. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளோடு நான் இருந்த மாதங்களைக் கூட்டினால் ஓராண்டுகூடத் தேறாது. லெவி வருவதற்கு முன்பே எங்கள் குடும்பம் இரண்டாகத்தான் இருந்தது. நாங்களும் வெளிநாட்டுக் குடும்பம்தானே?

எனக்கு 2018 வேறு வழியில் வந்தது. செப்டம்பர் 11 முதல் ஆயத்த ஆடை, வாகனம், வீட்டு உபயோகப் பொருள், மேசை நாற்காலிக் கடைகளில் விற்பனை வேலைகளில் எழுபது சதவீதம் சவுதிக்காரர்களுக்கு. நவம்பரில் கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, மின்னணுப் பொருள். இந்த 7ஆம் தேதி முதல் உதிரி பாகம், கட்டுமானப் பொருள், கம்பளம், இனிப்புக் கடைகள். எங்கள் கடையில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பினார்கள். என்னை நிறுத்தி, சரக்குக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைந்தது. வாடிக்கையாளரிடம் பேசிப் பேசி நான் கற்ற அரபி இப்போது பெட்டி எண்ணுவதற்குத்தான் பயன்படுகிறது.

அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கடைக்கு வந்த இளைஞனுக்குத் துணி வகைகளைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நல்ல பையன், என்னை "உஸ்தாத்" (ஆசான்) என்று கூப்பிடுவான். எங்களைப் போன்றவர்களும் இந்த இழையில் இருக்கிறோம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.


பேராவூரணி மருமகள்
3 ஜனவரி 2019

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். என் கணவரும் முதல் ஐந்து ஆண்டுகள் உங்களைப் போலத்தான் இருந்தார். குடும்ப விசா கிடைத்தபின் அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று இரவு அழைப்பில் கேட்டேன். நீண்ட நேரம் பேசினார்.

2017 செப்டம்பரில் இணைய வழி அழைப்புக்கு இருந்த தடையை நீக்கினார்களே, அந்த ஒன்றாவது உங்களுக்கு உதவுகிறதா? மகளோடு தினமும் பேச முடிகிறதா?


பத்தா கடைத்தெரு
3 ஜனவரி 2019

முடிகிறது அக்கா. முன்பு அட்டை வாங்கி நிமிடக் கணக்கில் பேசுவோம். இப்போது அவள் வீட்டுப் பாடம் எழுதும்போது செல்பேசியை எதிரே சாய்த்து வைத்துக்கொள்கிறாள். நான் அறையில் சமைப்பேன், அவள் எழுதுவாள். பேசுவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் அழைப்பை வைப்பதில்லை.


ரியாத் ஆசிரியை
3 ஜனவரி 2019, மாலை

இழப்பை மட்டும் எழுதினால் 2018ஐ முழுதாக எழுதியதாகாது. நான் ரியாத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். கணவர் மருத்துவமனையில் ஆய்வகத் தொழில்நுட்பர். இருவர் சம்பளம் என்பதால் லெவியைத் தாங்க முடிகிறது. அந்த வசதி எல்லாருக்கும் இல்லை என்பது தெரியும்.

ஜூன் 24, ஞாயிறு. அன்று முதல் பெண்கள் வண்டி ஓட்டலாம். அதற்கு முன் பத்து ஆண்டுகள், பள்ளிக்குப் போக வேன், கடைக்குப் போகக் கணவர், மகளைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போக வாடகை வண்டி என்று இன்னொருவரின் நேரத்தில்தான் நான் வாழ்ந்தேன். பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறேன், வரிசை நீளம். என்னோடு வேலை செய்யும் சவுதி ஆசிரியை ஒருவர் தானே ஓட்டிவந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். அவருடைய அம்மா பின்னிருக்கையில் உட்கார்ந்து வழி நெடுக அழுதுகொண்டே வந்தாராம். இது அவர்களுடைய வெற்றி. 1990இலிருந்தே இதற்காக வண்டி ஓட்டிக் காட்டி வேலை இழந்த பெண்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்புகூடச் சிலர் கைதானார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது, அவ்வளவே.

ஏப்ரலில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு திரையரங்கு திறந்தது. ஜனவரியில் பெண்கள் கால்பந்து மைதானத்துக்குள் நுழைந்தார்கள். அக்டோபரில் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு நாடு தன்னை மாற்றிக்கொள்ளும் ஆண்டில் நாங்கள் அங்கே இருந்தோம் என்பதை என் மகள்கள் பிற்காலத்தில் சொல்வார்கள்.

ஆனால் என் வகுப்பறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் புதிய கல்வியாண்டு தொடங்கியபோது வருகைப் பதிவேட்டில் பெயர்கள் பாதிப் பக்கத்தோடு நின்றன. இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். டிசி வாங்க வந்த பெற்றோர் பலர் பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பேராவூரணி சகோதரியின் மகன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான் என்று படித்தபோது, என் வகுப்பிலிருந்து போன பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போகும் நாட்டைப் பற்றி அவர்களிடம் நிறையச் சொல்கிறோம். விட்டுப்போகும் நாட்டைப் பற்றிப் பேச விடுவதில்லை.


குவைத் தொண்ணூறு
4 ஜனவரி 2019

ஆசிரியை எழுதிய கடைசி வரிகளுக்காகத்தான் உள்நுழைந்தேன்.

1990 ஆகஸ்ட் 2, ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பாக்தாத் வழியாகச் சாலையில் ஜோர்டான் போய், பாலைவனத்தில் கூடாரத்தில் இருந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்தோம். அந்த இரண்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். உங்கள் பயணத்தை அதனோடு ஒப்பிடவில்லை. நீங்கள் திட்டமிட்டு, பெட்டி கட்டி, டிசி வாங்கி வந்திருக்கிறீர்கள். நாங்கள் ஒரு பையோடு வந்தோம்.

ஆனால் பிள்ளைக்கு இரண்டிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அதன் பிறகு குவைத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாவுக்கு அது இழந்த சம்பளம், அம்மாவுக்கு அது விட்டுவந்த நகை. எனக்கு அது என் பள்ளி, என் நண்பன், மாடியில் இருந்து தெரியும் கடல். வாயைத் திறந்தால் பெரியவர்களின் முகம் வாடும் என்று தெரிந்ததால் நானாகவே நிறுத்திக்கொண்டேன். உறவினர் வீடுகளில் "குவைத்துக்காரன்" என்று கூப்பிட்டபோது கோபப்படவும் தெரியவில்லை.

அம்மா, உங்கள் மகன் கேட்பதை நிறுத்தியதற்கு மறந்துவிட்டான் என்று பொருள் கொள்ளாதீர்கள். நீங்களே தொடங்குங்கள். தம்மாமில் எந்தக் கடையில் என்ன வாங்குவான், கோபர் கடற்கரையில் எந்த இடத்தில் உட்காருவீர்கள் என்று சாப்பாட்டு நேரப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுடைய நண்பர்கள் இப்போது கேரளத்திலும் ஹைதராபாத்திலும் பாகிஸ்தானிலும் சிதறியிருப்பார்கள். அவர்களோடு அவன் பேச வழிசெய்து கொடுங்கள். எனக்கு அந்த நண்பன் இன்றுவரை கிடைக்கவில்லை. பாலஸ்தீனப் பையன் அவன்.


முத்துப்பேட்டை காதர்
4 ஜனவரி 2019, மாலை

அஸ்ஸலாமு அலைக்கும். பேராவூரணி சகோதரி நம் பக்கத்து ஊர். நான் கோபரில் இருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை இங்கே டெல்டா மாவட்டத்தார் ஒருவரும் தூங்கவில்லை. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, பேராவூரணி ஆட்கள் சவுதியின் கிழக்கு மாகாணத்தில் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். எவருக்கும் வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. தஞ்சாவூரில் யாருக்காவது தொடர்பு கிடைத்தால் அவர் எண்ணுக்கு ஐம்பது பேர் அழைப்பார்கள். ஊர்வாரியாகக் குழு பிரித்து, எந்தத் தெருவிலிருந்து தகவல் வந்தது, எதிலிருந்து வரவில்லை என்று எழுதிவைத்தோம். சம்பளம் வராத ஆள்கூட நூறு ரியால் கொடுத்தார். தார்ப்பாய், மெழுகுவத்தி, ஜெனரேட்டருக்கு டீசல் என்று அனுப்பினோம். மின்கம்பம் நட வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஊழியர்களுக்கு ஊரில் பெண்கள் சமைத்துப் போட்டார்கள். அவர்களை எங்கள் ஊர் மறக்காது.

தோப்பைப் பற்றி ஒரு சொல். அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 அறிவித்தது. காய்க்கும் தென்னை ஒன்று ஆண்டு முழுவதும் கொடுப்பதை அறிந்தவருக்கு இது எவ்வளவு குறைவு என்று சொல்ல வேண்டாம். ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அடங்கல் (கிராமக் கணக்கில் உள்ள நிலம், பயிர்ப் பதிவு) யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊரில் பலருக்குப் பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருந்ததால் பணம் நிற்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் வளைகுடாவில், கையெழுத்துப் போட ஆள் இல்லை.

இன்னொன்று. மறுபடியும் தென்னையை மட்டும் நடாதீர்கள். என் வாப்பா நெட்டை ரகத்தைத் தள்ளித் தள்ளி நட்டு, நடுவில் வாழையும் உளுந்தும் போட முடிவு செய்திருக்கிறார். வேலியோரம் பலா, தேக்கு. வாழை அடுத்த ஆண்டே காசு கொடுக்கும். உங்கள் கணவர் இங்கே எத்தனை ஆண்டு கூடுதலாக நிற்க வேண்டும் என்பது அந்த ஊடுபயிரில்தான் இருக்கிறது.


கோபர் புதியவர்
5 ஜனவரி 2019

ஐயா, அம்மா, ஒரு நடைமுறைச் சந்தேகம். மார்ச் தேர்வு முடிந்ததும் மனைவியையும் மகனையும் அனுப்பலாம் என்று இருக்கிறேன். எக்ஸிட் ரீஎன்ட்ரியில் (திரும்பி வரும் அனுமதியோடு) அனுப்பிவைத்தால் பிறகு வேண்டும்போது வரலாமே, ஃபைனல் எக்ஸிட் (இக்காமாவை முடித்துக்கொண்டு போவது) எதற்கு என்று மனைவி கேட்கிறார். எது நல்லது?


ஜுபைல்வாசி
5 ஜனவரி 2019

இக்காமா உயிரோடு இருக்கும்வரை அவர்கள் ஊரில் இருந்தாலும் லெவி உண்டு. மிச்சம் பிடிப்பதற்காக அனுப்பிவிட்டு ரீஎன்ட்ரியில் வைத்தால் இரண்டு பக்கமும் செலவு. அனுப்புவது உறுதி என்றால் ஃபைனல் எக்ஸிட்தான். நீங்களே அப்ஷர் என்ற அரசு இணையச் சேவையில் போட்டுவிடலாம். அதற்குமுன் போக்குவரத்து அபராதம் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வந்துபோவதற்கு விசிட் விசா இருக்கிறது. 2016 அக்டோபரிலிருந்து 2,000 ரியாலாக இருந்த கட்டணம் சென்ற மே மாதம் இந்தியர்களுக்கு 300 ரியால் அளவுக்கு இறங்கியது. அதன் பிறகு எங்கள் தெருவில் அனுப்பிய குடும்பங்களில் பாதி கோடை விடுமுறைக்கு விசிட் விசாவில் வந்துபோயின. ஆனால் அதை நம்பிப் பள்ளியில் சேர்க்க முடியாது.

மகன் எந்த வகுப்பு என்று எழுதுங்கள். ஒன்பதை முடித்திருந்தால், பத்தாம் வகுப்பை இங்கேயே முடிக்க விடுவது நல்லது. பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் கல்வி வாரியம் மாறுவது பிள்ளைக்குப் பெரிய பாரம்.


பேராவூரணி மருமகள்
6 ஜனவரி 2019

காதர் அண்ணா, அடங்கல் மாமனார் பெயரிலேயே இருக்கிறது, கணக்கெடுப்பும் முடிந்தது. ஊடுபயிர் யோசனையை அவரிடம் சொன்னேன். வாழைக்குச் சம்மதித்தார். தேக்குக்கு இன்னும் தலையாட்டவில்லை. விழுந்த மரங்களை அறுத்து அகற்றும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வேரைப் பெயர்க்கும் பொக்லைன் இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் முழுவதும் காத்திருப்பு.

கோபர் புதியவருக்கு: ஆதார் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். வந்த நாளிலிருந்து 182 நாளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிசியில் தேவையான சான்றொப்பங்களை அங்கேயே முடித்துவிடுங்கள், இங்கிருந்து செய்வது மிகக் கடினம். பிறப்புச் சான்றிதழ் அங்கே பெற்றது என்றால் அதையும் சேர்த்து. மனைவி பெயரில் ஊரில் ஒரு வங்கிக் கணக்கு இப்போதே இருக்கட்டும்.

குவைத் அண்ணனுக்கு: நீங்கள் எழுதிய அன்று இரவே மகனிடம் பேச்சை எடுத்தேன். தம்மாம் வீட்டின் கீழே இருந்த பகாலா என்ற சின்ன மளிகைக் கடையில் பாகிஸ்தான்காரர் அவனுக்குக் கடனில் சாக்லேட் கொடுத்து வந்திருக்கிறார். எட்டு ரியால் பாக்கியாம். எனக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் கடனை இந்த வாரமே போய்க் கட்டச் சொல்லி அப்பாவுக்குக் கட்டளை போட்டிருக்கிறான். வகுப்பு நண்பர்களில் இரண்டு பேர் எண் கிடைத்துவிட்டது. ஒருவன் மலப்புறம், மற்றவன் அங்கேயே ஜுபைலில்.

மகள் பத்தாம் வகுப்பை முடிக்கும்வரை இங்கேதான். அதன் பிறகு என்ன என்பதை இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர் வந்துவிட நினைக்கிறார். தோப்பு பலனுக்கு வராமல் வந்தால் மறுபடி யாரிடம் போய் நிற்பது என்று நான்தான் தடுக்கிறேன். அதைச் சொல்ல எனக்கே கசக்கிறது. சேர்ந்திருக்க வேண்டும் என்று அழுதவளும் நான்தான்.

இந்தக் கோடை விடுமுறைக்கு விசிட் விசாவில் நாங்கள் அங்கே போகிறோம். மகனின் பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறது. திங்கட்கிழமை அதைப் புதுப்பிக்கத் திருச்சிக்குப் போகிறேன். விசாவுக்குத் திருமணச் சான்றிதழில் என்னென்ன முத்திரை கேட்கிறார்கள் என்று சமீபத்தில் எடுத்தவர்கள் யாராவது எழுதினால், ஒரே பயணத்தில் முடித்துவிடுவேன்.